நாளும் மாதமும் இடம் மாறிய நாள்

"தம்பி, நான் பிப்ரவரி மூணாந் தேதிதானே போட்டேன்? மெஷின் மார்ச் ரெண்டாந் தேதி வரும்னு மெசேஜ் வந்திருக்கு. அதுவரைக்கும் கதிரு வயல்ல நின்னு என்ன பண்ணும், தவமா இருக்கும்?"

மறுமுனையில் விவசாயி அமிர்தலிங்கம். ஷேக் பரீதுக்குக் காது சூடாகிவிட்டது.

"இப்ப சரியாயிடும்ங்க. சின்னக் கோளாறுதான்."

"நெல்லுக்கு அது தெரியுமா தம்பி?"

பரீத் மாமா என்று கூப்பிடும் கூத்தாநல்லூர் மீரா உசேன், துபாயில் சம்பாதித்ததையெல்லாம் போட்டு அறுவடை மெஷின்கள் வாங்கி வாடகைக்கு விடுகிறார். விவசாயிகள் வீட்டிலிருந்தே மெஷினுக்குத் தேதி போட ஒரு வெப்சைட். செய்து கொடுத்தது பரீத். செய்தது என்றால், கல்யாண வீட்டுச் சமையல் மாதிரிதான். அரிசியும் கறியும் நம்முடையது, தேக்சாவும் கரண்டியும் தெருவெல்லாம் இரவல். வெப்சைட்டில் அந்த இரவல் சாமானுக்குப் பேக்கேஜ் என்று பெயர். யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சும்மா வைத்திருப்பார்கள். படிக்கிற காலத்தில் பரீதும் ஒன்றிரண்டு வைத்தவன்தான். எதை என்று இப்போது கேட்டால் முழிப்பான்.

காலையில் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. காலண்டர் பேக்கேஜ் பழசாகிவிட்டதாம். பேசாமல் இருந்திருக்கலாம். புதுசாக்கினான். தேதியை நம் வழக்கப்படி நாள், மாதம் என்று காட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பேக்கேஜோடு புதிய காலண்டர் ஒத்துப்போகவில்லை. நாளும் மாதமும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.

"என்னங்க," சமையலறையிலிருந்து மனைவி அனீஸா கூப்பிட்டாள். "எனக்குக் குடுத்தீங்களே உங்க பழைய போனு, அதுல எடமே இல்லேங்குது. வீடியோ நின்னு நின்னு வருது."

"வேண்டாதத எல்லாம் அழிச்சிடு. என்னத் தொந்தரவு பண்ணாத."

குட்டிப் பேக்கேஜை எழுதிய ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். பெயர் போடக்கூடச் சோம்பல்பட்டவர்களுக்கு பேக்கேஜ்களை வைத்திருக்கும் தளமே கொடுக்கிற எண். பக்கத்தில், எழுதியவருக்குச் செய்தி அனுப்ப ஒரு பொத்தான். பரீத் ஆங்கிலத்தில் பணிவாக எழுதினான்: 'ஐயா, தங்கள் பேக்கேஜைச் சற்றுப் புதுப்பித்துத் தர முடியுமா?'

பதில் இல்லை. மீரா உசேனிடமிருந்து போன்தான் வந்தது.

"பரீது, மன்னார்குடிக்குப் போற மெஷினு டிரைவரு ஷெட்லயே படுத்திருக்கான். கேட்டா இன்னிக்கு வேலையே இல்லேன்னு காட்டுதுங்கிறான். மழை வரும்னு வேற சொல்றாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள சரியாகலேன்னா சென்னைக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். அப்புறம் மாமா சொல்லலேன்னு சொல்லாத."

பரீதுக்கு இருக்கிற ஒரே பெரிய வேலை இதுதான். இது போனால் மாமனாரிடம் போய் அவருடைய மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

இரண்டாவது செய்தியில் பணிவு இல்லை. 'பொறுப்பில்லாமல் எழுதிப் போட்டுவிட்டுத் தூங்குகிறாயா?'

இதற்குப் பதில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்: 'உனக்கு வேறு வேலை இல்லையா?'

பரீதுக்கு ரத்தம் கொதித்தது. 'உன் பேக்கேஜ் குப்பை. நீ ஒரு முட்டாள்.'

'உன்னை வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும்.'

"எந்த நாட்டுக்காரனோ, வாயப் பாரு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு, புகார் பொத்தானையும் அமுக்கினான்.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. பழைய காலண்டருக்கே திரும்பிவிட்டால் என்ன? பேக்கேஜ் அத்தனையையும் அழித்துவிட்டுப் பழையபடி ஒவ்வொன்றாக இறக்கினான். எல்லாம் வந்தன. குட்டிப் பேக்கேஜ் மட்டும் வரவில்லை. எழுதியவரே நீக்கிவிட்டார் என்றது திரை.

வெப்சைட்டைத் திறந்தான். தேதியும் இல்லை, மெஷினும் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

அசர் தொழுகை முடிந்த கையோடு மீரா உசேன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பரீத் நடந்ததையெல்லாம் சொன்னான். திட்டு வாங்கியதைக் கொஞ்சம் கூட்டியும், திட்டியதைக் கொஞ்சம் குறைத்தும் சொன்னான்.

"யாருன்னே தெரியாத ஆளு சரக்க நம்பியா எம் மெஷின ஓட்டுன?"

"ஒலகமே அப்படித்தான் மாமா ஓடுது. இவன் ஒருத்தன்தான் இப்படி. கேட்டதுக்குத் திமிராப் பேசிட்டு, வேணும்னே அழிச்சிட்டான்."

மீரா உசேனுக்கு மனம் இளகியது. "ஒன்னச் சொல்லி என்ன பண்றது? நாளைக்குக் காலை வரைக்கும் டைம் தர்றேன். ஆனா அந்தப் பய மட்டும் எங் கையில கெடைக்கட்டும், மெஷினுக்குள்ள விட்டு வைக்கோலா வெளிய எடுக்கிறேன்."

"நானும் வந்து ஒரு கை புடிக்கிறேன் மாமா," என்றான் பரீத். காலையிலிருந்து இப்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

அனீஸா தேநீரை மாமாவிடம் கொடுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பழைய போனை எடுத்து நீட்டினாள்.

"என்னங்க, இதுல உங்க காலேஜ் மெயிலுக்குக் காலையிலேருந்து எவனோ உங்களத் திட்டித் திட்டி அனுப்புறான், நானும் விடாம பதில் குடுத்தேன், கடைசியில 'உங்க பேக்கேஜ் மேல புகார் வந்திருக்கு, வச்சிருக்கவா, அழிச்சிடவா'ன்னு கேட்டுச்சு, நீங்கதான் வேண்டாதத அழிக்கச் சொன்னீங்களேன்னு அழிச்சிட்டேன்."