இரண்டு சரையிலும் வெள்ளைப் பூ

என் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் நான் பிள்ளையாரை ஏமாற்றியிருக்கிறேன். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். (மண் என்றால் நிசமான மண். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்ச் செம்மண்.)

அது தொண்ணூறாம் ஆண்டு. எனக்கு இருபத்தேழு வயது. அப்பா காலமாகியிருந்தார். அம்மாவும் அக்காவும் கொழும்புக்குப் போவதென்றும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓராள் இருக்க வேண்டுமென்றும் குடும்பமாக இருந்து முடிவெடுத்தார்கள். அந்த முடிவை எடுக்கும்போது நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அந்த ஓராள் நான்தான் என்று சொன்னார்கள். ஓம் என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் நான் ஓம் என்றுதான் சொல்வேன்.

வீட்டைச் சுற்றி நாலு பரப்பு வளவு, ஐந்து அறை, நான். வேலை பார்த்த சங்கக்கடையில் விற்பதற்கு ஒன்றுமில்லாததால் பேசுவதற்கும் ஆளில்லை. கரண்ட் இல்லை, ரேடியோவுக்குப் பற்றறி இல்லை. காற்றுக்கு வாசல் படலை ஆடினால் "ஆர்?" என்று கேட்டுக்கொண்டு ஓடிப்போவேன். ஒருநாள் கிணற்றுக் கப்பி கிரீச்சிட்டபோது அதற்கு என்ன குறை என்று விசாரித்தேன். பிறகு எனக்கே பயமாகிவிட்டது.

அப்போதுதான் குண்டு போடும் பொம்மர்கள் வரத் தொடங்கின. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடுகள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரும் மனைவி பவளமக்காவும். எதிரே புகையிலைத் தோட்டம் செய்யும் செல்லையா அண்ணை. ஒழுங்கை முடிவில் தனியாக இருந்த கணக்கு ரீச்சர். நாலாவது நான். நாலு வீட்டுக்கும் பொதுவாக, பதுங்கிக்கொள்ள ஒரு பங்கர் வெட்டுவது என்று முடிவானது. எவருடைய வளவில் வெட்டுவது என்பதுதான் பாக்கி.

அதற்காக மாஸ்டர் வீட்டு விறாந்தையில் நாலு பின்னேரம் கூடினோம். எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடி முடிவெடுப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தனக்கு இது வேண்டும் என்று எவரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் ஆசைப்பட்டவர் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பொல்லாதவர். ஆகவே எல்லோரும் "உங்கடை விருப்பம்" என்று ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொல்வார்கள். முதல்நாள் வெங்காய விதைப்பைப் பற்றிக் கதைத்தோம். இரண்டாம்நாள் செல்லையா அண்ணையின் மாட்டுக்கு வயிறு ஊதியதைப் பற்றி. மூன்றாம்நாள் ரீச்சர் என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, தம்பியின் வளவும் பெரிதுதானே என்றார். மாஸ்டர் உடனே தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிக் கதையை மாற்றினார்.

என் வளவில் பங்கர் என்றால் தினமும் ஆட்கள் வருவார்கள். பொம்மர் வராவிட்டாலும் மண்மூட்டை சரிந்ததா என்று பார்க்கவாவது வருவார்கள். வந்தவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுக்கலாம். (அடுத்தநாளே சைக்கிளில் பட்டணத்துக்குப் போய் ஆறு கண்ணாடிக் கிளாஸ் வாங்கி வந்தேன். ஊரே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது கிளாஸ் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.) "என்ரை வளவுக்குள்ளை வெட்டுங்கோ" என்று மூன்று சொல் சொன்னால் போதும். அந்த மூன்று சொல் மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை. ஆள் தேடி அலைகிறான் என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம்.

நாலாம்நாள் எல்லோரும் களைத்துப்போய், பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒரு சரையில், அதாவது இலைப் பொட்டலத்தில், வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமிக்கு முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் கேட்ட காரியத்தைச் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. என் வளவில்தான் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் நின்றதால் சரை கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுகிவிட்டு, வாழையிலைத் துண்டுகளில் இரண்டு சரை கட்டினேன். இரண்டிலும் வெள்ளைப் பூ வைத்தேன். ரீச்சர் சொன்னபடி என் வளவில் வெட்டலாமா என்றுதான் கேட்கப் போகிறார்கள், எது வந்தாலும் ஓம்தான் என்று கணக்குப் போட்டேன்.

பிள்ளையார் கோயிலில் ஐயர் சரைகளைத் தட்டில் வைத்தார். மாஸ்டர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கூப்பி, தபாற்கந்தோரில் தந்தி வாசித்த அதே குரலில் கேட்டார்.

"பிள்ளையாரே, பங்கரை என்ரை வளவுக்குள்ளை வெட்டலாமோ?"

பிறத்தியாருடைய வளவைப் பற்றிச் சாமியிடம் கேட்பது மரியாதை இல்லையென்று மனிதர் தன் வளவைக் கேட்டுவிட்டார். ஐயர் ஒரு சரையை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. வேறென்ன வரும்? மற்றதைப் பவளமக்கா பிரிக்காமலே வாங்கி, வீட்டுச் சாமியறையில் வைக்கவென்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் வெட்டத் தொடங்கினோம். மாஸ்டரின் வளவில் எங்கே வெட்டினாலும் இடுப்பளவில் கல் மறித்தது. மண் ஆழமாக இருந்த ஒரே இடத்தில் அவருடைய கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. ஒன்பது வருடம் வாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அந்த வருடம்தான் முதன்முதலாகப் பூத்திருந்தது. மாஸ்டர் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமி சொல்லிவிட்டார், தறியுங்கோ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். செல்லையா அண்ணை கோடரியை எடுத்தார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொப்புகளை இழுத்துப் போட்டேன். குற்றம் செய்தவன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு மண் அள்ளுவான் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பங்கருக்குப் பனங்குற்றி அடுக்கிக்கொண்டிருந்தோம். சாமியறை துடைத்துக்கொண்டிருந்த பவளமக்கா வெளியே வந்தார். அவர் உள்ளங்கையில் வாடிய சரை பிரிந்து கிடந்தது. அதற்குள் பழுப்பேறிய நந்தியாவட்டை. கையை மட்டும் எல்லோருக்கும் காட்டினார். குழிக்குள் நின்ற என்னை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

மாஸ்டர்தான் கதைத்தார். சத்தம் போடவேயில்லை. "தம்பி, நான் என்ரை வளவைத்தான் கேப்பனெண்டு தெரிஞ்சு ரெண்டிலையும் வெள்ளையை வைச்சிருக்கிறீர். நாங்கள் உம்மடை வளவுக்குள்ளை வாறது உமக்கு விருப்பமில்லையெண்டால் வாயாலை சொல்லியிருக்கலாம். சாமியைக் கூட்டாளி சேர்த்திருக்கத் தேவையில்லை."

நான் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஐயோ, அப்படியில்லை, நீங்கள் எல்லோரும் வரவேண்டும் என்றுதான் செய்தேன், ஆறு கிளாஸ்கூட வாங்கி வைத்திருக்கிறேன். கடைசியில் பழக்கதோஷத்தில் என் வாய் சொன்னது ஒரேயொரு சொல்தான்.

"ஓம்."

அதற்குப் பிறகு எட்டு நாள் எவரும் என் படலையைத் தட்டவில்லை. நானும் போகவில்லை. கப்பியோடு மறுபடியும் கதைக்கத் தொடங்கினேன். இம்முறை பயமாக இருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒன்பதாம்நாள் மத்தியானம் பொம்மர் வந்தது. ஒழுங்கையில் எல்லோரும் ஓடும் சத்தம் கேட்டது. நான் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த முகத்தோடு அந்தப் பங்கருக்குள் போவது? வேலிக்கு அப்பால் பவளமக்காவின் குரல் வந்தது. "தம்பி, உதிலை நிண்டு என்ன செய்யிறீர்? ஓடி வாரும்." வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே இருட்டு. முழங்காலோடு முழங்கால் முட்ட ஐந்து பேர். குண்டு எங்கோ விழுந்து கூரையிலிருந்து மண் கொட்டியது. அது அடங்கியதும் செல்லையா அண்ணை கேட்டார், "இதுக்குள்ளை வாறதுக்கும் பூக்கட்டிப் பாத்தனியோ?" ரீச்சர் சிரித்தார். பவளமக்கா சிரித்தார். எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தது நான்தான். ஒரு வருடத்தில் முதன்முறையாக என் தோளில் இன்னொருவருடைய தோள் பட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த மாமர வேரைத் தடவிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வந்தபோது ஊரே எழும்பிப் போனது. மாஸ்டர் சாவகச்சேரிப் பக்கம் போன இடத்தில் காலமானார். பவளமக்கா மகளோடு கனடாவில். மற்ற இருவரும் எங்கெங்கோ. நான் திரும்பி வந்து அதே வீட்டில் இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. (அதைப் பற்றியும் குடும்பமாக இருந்து பலமுறை முடிவெடுத்தார்கள்.) ஆறு கிளாசில் ஒன்றைத்தான் பாவிக்கிறேன். ஆனால் ஆளில்லாவிட்டாலும் பெயர் இருக்கிறது. பவளமக்காவின் குடும்பத்துக்கு நான் "பூக்கட்டு மாமா." அவர்கள் ஊருக்கு வந்து நடத்தும் கலியாணங்களில், வளவுக்குள் ஆட்கள் வரக்கூடாதென்று சாமியையே ஏமாத்தின மனிசன் என்று என்னை அறிமுகம் செய்வார்கள். சபை சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன வருடம் பவளமக்கா தொலைபேசியில் எடுத்தபோது, என்ன தைரியமோ, முழுவதையும் சொல்லிவிட்டேன். கிளாஸ் வாங்கியதையும் சொன்னேன்.

"தம்பி, நாங்கள் எல்லாரும் உம்மடை வளவைத்தான் நினைச்சனாங்கள். தனிச்சிருக்கிற பொடியனிட்டை என்னெண்டு வாய்விட்டுக் கேக்கிறதெண்டுதான் பேசாமல் இருந்தனாங்கள்" என்றார்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "ஆனால் கதையை இனி மாத்தேலாது, தம்பி. பிள்ளையள் பழகிப்போட்டுதுகள். ஓமெண்டு விட்டிடும்."

ஓம் என்றேன்.