நூம்பல் சாமியின் பித்தளைக் குழாய்

ஞாயிற்றுக்கிழமையானால் வேலப்பன்சாவடியில் இறங்கும் கூட்டத்தில் பாதி, கழுத்தைப் பிடித்தபடியே இறங்கும். எல்லோருக்கும் ஒரே வழி: நூம்பல். அங்கே உத்தமன் சாமி தொக்கம் எடுக்கிறார். கழுத்தில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். உள்ளிருக்கும் கட்டியைத் தம் வாயிலிருந்து துப்புவார். தோலில் கீறல்கூட விழாது. டாக்டர்கள் பாவம், இன்னும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

செலினின் கணவன் வேதமுத்து, பாடியிலுள்ள தொழிற்சாலை வாசலில் சங்கத்துக்குக் கோஷம் போடுகிறவன். மூன்று மாதமாகக் குரல் கம்மல். பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். குரல் நாணில் புற்று, ஆரம்பம்தான். கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தாலோ சின்ன ஆபரேஷன் செய்தாலோ குணமாக நிறைய வாய்ப்பு. தள்ளிப்போட்டால் குரல்வளையையே எடுக்க நேரும் என்றார் டாக்டர். முதலாளிக்கு அஞ்சாதவன் கரண்டுக்கு அஞ்சினான். மாதா கோயில் ஞாயிறு பூசையை விட்டுவிட்டு நூம்பலுக்குக் கிளம்பினான். செலினும் கூடப் போனாள்.

சாமிக்கு மௌன விரதம். பேசுவதெல்லாம் மைத்துனன் தங்கவேல். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் சாமி திரைக்குப் பின்னே போய்க் கும்பிட்டு வந்தார். வரும்போது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. பக்தி கன்னத்தில்தான் தங்கும்போலும். அவர் துப்பிய கட்டிகள் எல்லாம் ஒரே அளவு. கறி வாங்கிப் பழகிய செலினுக்கு ஆட்டு ஜவ்வு தெரியாதா?

வேதமுத்துவின் முறை வந்ததும் அவள் சொம்பை நீட்டினாள்.

"வாயக் கொப்புளிச்சிட்டு அப்பால உறிஞ்சு சாமி."

"சக்தி பூடும்மா," என்றான் தங்கவேல்.

"சரி நைனா, வாயத் தொறந்தாவது காட்டச் சொல்லு. எங்க ஊட்டுக்காரர் கட்டி இன்னும் அவர் தொண்டைலதானே கீது?"

காலையில்தான் கட்டி எடுத்துக்கொண்ட கன்னியம்மா எழுந்து வந்தாள். "தொறந்து காட்டேன் சாமி, இன்னா இப்போ?"

வரிசை முழுவதும் அதையே கேட்டது. சாமி மடக்கென்று விழுங்கினார். ஜவ்வு பாதி வழியில் நின்றுவிட்டது. கண் பிதுங்கியது, எச்சில் வழிந்தது. கன்னியம்மா குழாயை எடுத்துத் தங்கவேலிடம் நீட்டினாள்.

"வச்சி உறிஞ்சு."

தங்கவேல் அதைத் தொடவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு, சாமியை அள்ளிப் போட்டுக்கொண்டு, நேராகப் பக்கத்திலிருந்த ஒரு டாக்டர் வீட்டுக்கு ஓடினான். டாக்டர் இடுக்கியால் எடுத்த பிறகுதான் சாமிக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை காலை வேதமுத்து கேன்சர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பயம் போகவில்லை, ஆனாலும் வந்துவிட்டான்.

தம் தொண்டை அடைத்ததும் சாமி யாரிடம் ஓடினார்? உங்கள் தொண்டை மட்டும் என்ன, அவ்வளவு மட்டமா?