நாங்கள் யாரும் உட்கார மாட்டோம்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சந்தேகம் அதிகம், பேச்சு குறைவு. சந்தேகப்படுகிறவன் வாயாடியாக இருந்தால் நாலு பேரிடம் கேட்டுத் தெளிந்துவிடுவான். என்னைப் போன்ற கூச்சக்காரன் வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே ஒரு முடிவு கட்டி, அந்த முடிவுக்குப் பொருத்தமாக வெள்ளை வேட்டியும் கட்டிவிடுவான். (கட்டினேன். அதற்கு வருகிறேன்.)

அரியலூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, வெள்ளைக்காரன் காலத்துச் சரக்குக் கொட்டகைக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். பெயர்தான் சைக்கிள் ஸ்டாண்டு, நிற்பதெல்லாம் பைக். பாதி வண்டிகள் பெரம்பலூர்க்காரர்களுடையவை. அவர்கள் ஊரில் ரயில் இல்லாததால் எனக்குச் சாப்பாடு ஓடுகிறது.

அந்த வருடம் என் மகள் பிரியாவுக்குப் பெரம்பலூரிலிருந்தே ஒரு வரன் வந்தது. நல்ல இடம். பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. மீதிக் கால்வாசி என்ன என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்: மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். நாமும் அதையே செய்வோம். நானே பெரம்பலூர் போய், மாப்பிள்ளை தெருமுனை டீக்கடையில் மூன்று டீ குடித்தேன். ஒரு கேள்விகூடக் கேட்க வாய் வராமல் பஸ் ஏறித் திரும்பினேன். (அந்தத் தெருவில் டீ நன்றாக இருக்கும் என்பதுதான் நான் வீட்டில் கொடுத்த அறிக்கை.)

அந்தச் சமயம் பார்த்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கேமரா, கையில் நோட்டு. முதல் நாள் முழுக்கக் கொட்டகை நிழலில் நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். இரண்டாம் நாள் டேப்பை நீட்டி என் ஸ்டாண்டின் வாசலை அளந்தாள். மூன்றாம் நாள் நேராக என்னிடமே வந்துவிட்டாள்.

"அண்ணா, இந்தக் கொட்டகைக்குப் பக்கத்துல புதுசா பஸ் நிலையம் கட்டப் போறாங்க. அதுக்கு நாங்கதான் டிசைன் பண்றோம். உங்ககிட்டக் கொஞ்சம் பேசலாமா?"

எவ்வளவு பெரிய பொய் என்று மலைத்துப்போனேன். நான் டீ குடிக்க வந்தவனைப் போல் போனேன் என்றால், இவர்கள் பஸ் நிலையமே கட்ட வந்ததுபோல் ஆள் அனுப்புகிறார்களே!

"வீட்ல எத்தனை பேர்? எத்தனை வருஷமா இந்த ஊர்?" என்று கேட்டதும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. நாளைக்குப் பேசுவோம் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி செல்வி தீர்ப்பே எழுதிவிட்டாள். "மாப்ள வூட்டு ஆளேதான். இல்லன்னா உங்ககிட்ட வந்து ஒருத்தி பேச்சுக் குடுப்பாளா?"

நியாயமான கேள்வி.

"நாளைக்கு வெள்ள வேட்டி கட்டிட்டுப் போங்க. என்ன கேட்டாலும் நமக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லுங்க. சக்கர வியாதிய மட்டும் வாயில எடுத்துடாதீங்க." சொல்லிக்கொண்டே முட்டிக்குத் தைலம் தேய்த்தாள்.

மறுநாள் வண்டிகளுக்கு நடுவே வேட்டியில் கிரீஸ் படாமல் நின்றேன். அந்தப் பெண் வந்தாள்.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கிறப்ப வீட்ல இருக்கிறவங்க எங்க உக்காருவாங்க?"

"எங்க வூட்டுப் பொம்பளைங்க ரோட்டுல உக்கார மாட்டாங்கம்மா. நானும் உக்கார மாட்டேன். எங்க பரம்பரையிலயே அந்தப் பழக்கம் இல்ல."

"கழிப்பறை பக்கத்துல இருந்தா வசதியா இருக்குமா?"

குழியில் தள்ளப் பார்க்கிறாள் என்று புரிந்தது. சர்க்கரை இருக்கிறவனுக்குத்தானே அது அடிக்கடி வேண்டும்? "அதெல்லாம் வூட்லயே முடிச்சிட்டுத்தான் கெளம்புவோம். நாள் பூரா தாங்கும்."

"படி ஏற யாருக்காவது கஷ்டம்?"

"முட்டிவலின்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது. எங்க வூட்டம்மா பன்னெண்டு படிய ஓடியே ஏறிடுவா."

"டீக்கடையில உக்காந்து பேசுறது உண்டா?"

"டீயே தொடமாட்டேன்" என்றேன். கையில் டீ டம்ளர் இருந்தது.

இப்படி மூன்று நாள். என் பிறப்பு முதல் அதுவரை பேசியதைவிட அந்த மூன்று நாளில் அதிகம் பேசினேன். கடைசியில் என்னைப் போட்டோவும் எடுத்துக்கொண்டாள். பேச்சு பலித்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு நல்ல நாளில் கை நனைக்க வருவதாகப் பெரம்பலூரிலிருந்து போன் வந்தது. பெண் வீட்டில் அவர்கள் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி.

அன்று காலை அவர்களை அழைத்துவரக் கொட்டகை ஓரம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். கொட்டகைக்குள் கூட்டம், மைக், நாற்காலி. புது பஸ் நிலையத்துக்குக் கருத்துக் கேட்கிறார்களாம். உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் மைக் பிடித்து நின்றிருந்தாள். பின்னால் பேனர் துணி முழுக்க ஒரு படம்.

அவள் நிஜமாகவே டிசைன் பண்ண வந்தவள்.

படம் அழகாகத்தான் இருந்தது. பழைய கொட்டகையைவிட ஒரு அடிகூட உயராமல், அதே செங்கல் நிறத்தில், அதே வளைவுகளோடு. சரக்கு ஏற்றும் மேடை உயரத்துக்கே புதுக் கட்டிடத்தின் தரையும். அதற்கு ஏற வரிசையாகப் படிகள்.

எதிர்ப்புறம் பூ விற்கும் அக்கா எழுந்தார். "பாப்பா, உக்கார எடம் எங்க?"

"இங்க யாரும் உக்கார்றதில்லன்னு சொன்னாங்கம்மா."

"கக்கூசு?"

"அந்தக் கோடியில ஒண்ணு. பெருசா தேவைப்படாதுன்னு..."

"இத்தன படிய யாரு ஏறுறது? எந்தப் புண்ணியவான்டி இதெல்லாம் சொன்னான்?"

"மத்தவங்க எல்லாரும் பஸ்ஸப் பிடிக்க ஓடிக்கிட்டே பதில் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும்தான் மூணு நாள் பொறுமையா பேசினார்" என்று அவள் படத்தின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே வெள்ளை வேட்டியில், தேர்தலில் நிற்பவனைப் போல நான்.

மெல்ல நழுவத் திரும்பினேன். வாசலில் என் வருங்காலச் சம்பந்திகள் இருவரும் நின்றிருந்தார்கள். சம்பந்தியம்மா தூணைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தார். முகம் சுருங்கியிருந்தது. வாயைத் திறந்தால் என் சர்க்கரையும் செல்வியின் முட்டியும் இவர்கள் காதில் விழும், மகள் கல்யாணம் போகும். திறக்காவிட்டால் ஊரே இன்னும் ஐம்பது வருடம் நின்றுகொண்டிருக்கும்.

எப்படி மைக் என் கைக்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"நான் சொன்னது எல்லாம் பொய்ங்க. எனக்குச் சக்கர இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவ போவணும். எங்க வூட்டம்மாவால நாலு படி ஏற முடியாது. எங்க எடம் கெடைச்சாலும் நாங்க உக்காந்துடுவோம். டீயும் குடிப்பேன். இந்தப் பொண்ண மாப்ள வூட்டு ஆளுன்னு நெனச்சிட்டேன்."

கூரை ஓடு அதிரச் சிரிப்பு எழுந்தது. பூக்கார அக்கா, "அட மானங்கெட்டவனே!" என்றார். சம்பந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விசாரிச்சதெல்லாம் ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சுதுங்க" என்றார். "உங்க தெரு ரேஷன் கடையில கேட்டோம். மனுஷனுக்குச் சக்கர இருக்கு, ஆனா வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டாருன்னாங்க. ரெண்டாவது பொய் போலருக்கே!"

"எனக்கும் முட்டிதாங்க" என்றார் சம்பந்தியம்மா. "பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வூட்டுப் படிய எப்படி ஏறினேன்னு எனக்குத்தான் தெரியும். மொதல்ல ஒரு நாற்காலி போடுங்க."

அன்று கை நனைத்தார்கள். அந்தப் பெண் பழைய படத்தைக் கிழிக்கப் போனபோது, விஷயம் கேள்விப்பட்ட மாப்பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று பஸ் நிலையம் வரிசையாகப் பெஞ்சுகளோடும், சாய்வுப் பாதையோடும், மூன்று பக்கமும் கழிப்பறையோடும் நிற்கிறது. நான் மூன்றையும் பயன்படுத்துகிறேன்.

மாப்பிள்ளை அந்தப் பழைய படத்தைக் கண்ணாடி போட்டு, பெரம்பலூர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். யார் வந்தாலும் கதையை முதலிலிருந்து சொல்வார். நான் போனால் எல்லாருக்கும் நாற்காலி வரும், எனக்கு மட்டும் வராது.

"மாமா உக்கார மாட்டாரு" என்பார் மாப்பிள்ளை. "அவங்க பரம்பரையிலயே பழக்கம் இல்ல."

பிரியாவும் தன் பங்குக்குக் கேட்பாள். "அப்பாவுக்கு டீ?"

"தொடவே மாட்டாரும்மா" என்பார் மாப்பிள்ளையே.

வாயைத் திறந்து கேட்கிறவரை இரண்டும் வராது. எனக்குக் கூச்சம். சில நாள் பத்து நிமிடம்கூட நின்றிருக்கிறேன்.