களிமண் குழுவின் களப்பயணம்

பேருந்தின் பின்சக்கரம் ஒரு சாண்தான் புதைந்திருந்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்று களிமண் குழுவின் தலைவர் எழுந்து நின்று அறிவித்தார். மழை பெய்த மண், தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்று ஓட்டுநர் முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தார். "களிமண்ணப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்று கேட்டு இறங்க வைத்தவரும் தலைவர்தான்.

நிலவியலாளர் சங்கத்தில் ஆளுக்கொரு மோகம், மோகத்துக்கொரு குழு. எரிமலைக் குழுவிலும் நிலத்தடி நீர்க் குழுவிலும் புதைபடிவக் குழுவிலும் கூட்டம் அலைமோதியது. களிமண் குழுவில் மட்டும் மூன்றே பேர். தலைவர், மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, அத்திம்பேர் பேச்சைத் தட்டத் தெரியாத மைத்துனன். பத்துப் பேராவது இல்லாத குழுவை இந்த ஆண்டோடு கலைத்துவிடுவதாகச் சங்கம் சொல்லிவிட்டது. குழு போனால் தலைவர் பதவி போகும். பதவி போனால் மேடையில் யார் ஏற்றுவார்கள்?

அதனால்தான் மற்றக் குழுக்காரர்களைத் திரட்டி இந்தப் பயணம். அவரவர் விரும்பிய பாறையில் எல்லாம் வண்டியை நிறுத்தி, கடைசியில் ஓடைக்கரைக் களிமண்ணைக் காட்டி ஆளைப் பிடிப்பது திட்டம்.

எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். தள்ளினார்கள். சக்கரம் முழங்கால் ஆழம் போனது. புதைபடிவக் குழுத் தலைவரின் ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது. சில லட்சம் வருஷம் கழித்து யாராவது தோண்டி எடுப்பார்கள் என்று தலைவர் ஆறுதல் சொன்னார். செருப்பைப் பறிகொடுத்தவர் சிரிக்கவில்லை.

அடுத்து, தண்ணீரை வடித்தால் மண் இறுகும் என்று விளக்கி, நீர்க் குழுக்காரர்களைக் கால்வாய் வெட்டச் சொன்னார். இந்தப் பக்கம் சரிவு சரியில்லை என்று அவர்கள் முனகினார்கள். தலைவர் கேட்கவில்லை. வெட்டி முடித்ததும் சேற்றுத் தண்ணீர் வடிவதற்குப் பதிலாக ஓடைத் தண்ணீர் உள்ளே வந்தது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான்.

அப்போதும் அவர் தளரவில்லை. களிமண்ணின் பிடிப்பை நேரில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று பேருந்தின் படியில் நின்று சொற்பொழிவைத் தொடங்கினார். கீழே எல்லோரும் தூறலில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

அவர் மனைவி பேருந்துக்குள் ஏறினாள். இருக்கைக்கு அடியிலும் மேலேயும் சாக்கிலும் எல்லோரும் வழிநெடுகப் பொறுக்கி வந்த கற்கள் குவிந்து கிடந்தன.

"இதை எல்லாம் சக்கரத்துக்கு அடியில போடுங்க" என்றாள்.

பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோல எல்லோரும் பதறினார்கள். எரிமலைக் குழுத் தலைவர் கையிலிருந்த கருங்கல்லை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கல்லு வேணுமா, வீடு போகணுமா?"

கல் கல்லாக இறங்கியது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அது உறுமி, குலுங்கி, மேலே ஏறித் தார்ச்சாலையில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் தலைவர். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி அவர்.

ஆனாலும் உள்ளுக்குள் உதறல்தான். செருப்பும் கல்லும் போன கோபத்தில் எவன் சேருவான்? குழுவுக்கு இன்றோடு சங்குதான் என்று நினைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்தார். வெளியே ஓட்டுநர் சக்கரத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்; மனைவி குடையோடு ஒவ்வொருவரிடமும் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரும் ஒரு தரம் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவளிடம் பலமாகத் தலையாட்டினார்கள்.

அவள் மேலே வந்து, "எல்லாரும் சேர்றாங்க. குழுவை இனி யாரும் கலைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாள் முதலாக அவர் பேச்சின்போது கொட்டாவி விட்டவள், இன்று அவருக்காக வாசல் வாசலாக ஆள் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறாள். பேருந்து நகர்ந்ததும் ஏற்புரையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஆனந்தம் தாங்காமல் ஓட்டுநர் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தீங்களா, ஒருத்தர் பாக்கியில்லாம சேர்ந்துட்டாங்க. களிமண் ஒட்டினா விடாதுங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல். "அம்மாவுக்கு என் வாழ்த்தையும் சொல்லிடுங்க. அவங்க தலைவரானாத்தான் சேருவோம்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னாங்க."