நானே துவைத்துக்கொள்கிறேன்

உத்தியோகம் போன ஆணுக்கு அதிகாரம் பண்ண வேறு இடம் கிடையாது, அடுக்களைக்குள் நுழைந்துவிடுகிறான். நானும் நுழைந்தேன். அன்று நானாக இருந்த அந்த ஆளை இப்போது நேரில் கண்டால் குடையாலேயே சாத்துவேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான சமயம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தேன். சம்பளம் பென்ஷனாகச் சுருங்கியது. காப்பியை ஒரு வேளையாக்கினேன். இரவுச் சோற்றை மரச்சீனிக் கிழங்காக்கினேன். விளக்குத் திரியைத் தாழ்த்தி வைத்து, இருட்டில் தடுக்கி விழுந்தேன் (அதற்கும் மனைவியைத்தான் திட்டினேன்). வெட்ட வேறொன்றும் மிஞ்சாதபோது, துணி வெளுக்கும் இசக்கியம்மை கண்ணில் பட்டாள். அவள் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வெளுக்கிறவர்கள். அறுப்புக்கு அறுப்பு நெல் கொடுப்போம்.

"ஏட்டி, இனி நீ வரண்டாம். நானே துவைச்சுக்கிடுவேன்" என்றேன், தெருவே கேட்கும்படி.

அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். மனைவி பாய்ந்து வந்தாள்.

"மக நெறமாசமா இருக்கா. இப்பமா அவள நிறுத்துவிய?"

"பிரசவத்துக்கும் வெளுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். (பி.ஏ. படித்தவன் கேட்கிற கேள்வி!)

சம்பந்தம் இருந்தது. பேத்தி பிறந்தாள். தீட்டுக் கழிகிற நாளில், வெளுக்கிறவள் கொண்டுவரும் 'மாற்று' என்ற துணியைக் குளித்து உடுத்திய பிறகுதான் பெற்றவள் அறையை விட்டு வெளியே வரலாம், பிறத்தியார் குழந்தையைத் தொடலாம். ஒரு வீட்டுக்கு வெளுக்கிறவள் இருக்க, இன்னொருத்தி மாற்று கொண்டுவர மாட்டாள்.

அன்று காலை களியக்காவிளையிலிருந்து சம்பந்தி வீட்டார் கூட்டமாக வந்து இறங்கினார்கள். மருமகனின் அம்மா நடையிலேயே நின்றாள்.

"மாற்று வந்தாச்சா?"

"நானே வெளுத்த முண்டு இருக்கு" என்று நீட்டினேன். நீலம் கூடிப்போய் அது மயில்துத்தம் போல இருந்தது.

"இதயா? பள்ளிக்கூடத்துலதான் நீங்க சாரு, இங்க இல்ல. மாற்று வராம நான் பிள்ளையத் தொடமாட்டேன், கேட்டியளா?"

அறைக்குள் மகள் அழத் தொடங்கினாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே பற்றியிருக்கும்.

"போயி அவ காலுல விழுங்க. இல்லேண்ணா வந்தவங்களுக்கு நீங்களே சோறு வச்சு விளம்புங்க!"

மூட நம்பிக்கையைப் பற்றி ஒரு பிரசங்கத்தைத் தயார் செய்தபடியே வெயிலில் நடந்தேன். குளத்தங்கரையில் இசக்கியம்மையைக் கண்டதும் பிரசங்கம் மறந்துபோயிற்று.

"இசக்கியம்மா, மாற்று வேணும்."

"முண்டு வெளுக்க ஆளு வேண்டாம், தீட்டு வெளுக்க மட்டும் ஆளு வேணும். இல்லியா சாரே?"

"தப்புதான். இப்பம் வா."

"நாளைக்கு வாறேன்."

"இண்ணைக்கு என்ன?"

"இண்ணைக்கு எனக்குக் கோவமாக்கும்."

சொல்லிவிட்டு ஈர வேட்டி ஒன்றைக் கல்லில் ஓங்கி அடித்தாள். எனக்கு முதுகு வலித்தது.

எனக்கும் கோபம்தான். அது அவள்மேல் வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். சம்பந்தி வீட்டார் தங்கினார்கள். அவர்களுக்கு மரச்சீனியா போட முடியும்? மாதக்கணக்கில் நான் மிச்சம் பிடித்ததெல்லாம் இரண்டு பந்தியில் காலி. சம்பந்தியம்மாள் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. அறைவாசலில் உட்கார்ந்து குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அழும்போதெல்லாம் அவள் கை தானாக நீளும். உடனே மடியில் திரும்பி விழும்.

மறுநாள் விடிந்ததும் இசக்கியம்மை மாற்று கொண்டுவந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அழுக்குத் துணியை அவளே மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

பேத்திக்கு இப்போது பத்து வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிறாள்: "எனக்கு மட்டும் தீட்டு ஒரு நாள் கூடுதல். தாத்தா நெல்லு மிச்சம் பிடிச்சாருல்லா, அதாக்கும்!" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வந்திருந்தால், சம்பந்தியம்மாள் மட்டும் சிரிப்பதில்லை. பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.