பொம்மையின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம்

அதிகம் கேள்வி கேட்பவர்களைக் கெட்டிக்காரர்கள் என்று ஊர் நம்பிவிடுகிறது. நான் பல வருடங்கள் அந்த நம்பிக்கையில்தான் காலம் தள்ளினேன்.

கல்முனையில் தாதியர் படிப்பில் இருந்தபோது, வார்டுப் பயிற்சிக்கு முன் எல்லோரும் சிபிஆர் சான்றிதழ் எடுத்து வர வேண்டும் என்றார்கள். நின்றுபோன இதயத்தை, நெஞ்சை அமுக்கி மீட்கும் பயிற்சி அது. எங்கே படிப்பது என்பது எங்கள் விருப்பம். அதன்பிறகு கல்லூரி வைக்கும் செய்முறைப் பரீட்சையில் தேறாதவர் அடுத்த பேட்ச்சோடுதான் வார்டுக்குள் போகலாம்.

முதலில் அக்கரைப்பற்று வகுப்புக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பொம்மையை வைத்துப் பழக்குவார்களாம். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"பொம்மைக்குப் பல் இரிக்கா சேர்?"

"இல்ல தங்கச்சி."

"எல்லாரும் ஒரே வாயிலயா ஊதுற?"

"துடைச்சித்தான் தருவம்."

"அதுக்குப் பேர் இரிக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "வைக்கல்ல. நீங்க வந்து வைங்க." (தங்கமான மனிதர்.)

ஆனால் வெயிலில் பஸ் ஏற வேண்டும். இணைய வகுப்பென்றால் கட்டிலில் படுத்தபடி காணொளி பார்த்தால் போதும், தங்கக் கரை போட்ட சான்றிதழ் உடனே வரும். அதிலேயே சேர்ந்தேன். அவர்களிடமும் நிறையக் கேட்டேன். எதை அமுக்கிப் பழகுவது என்பதை மட்டும் கேட்கவில்லை.

இலவம் பஞ்சுத் தலையணையை அமுக்கிப் பழகினேன். "அந்தப் பாவத்த விடு புள்ள, பஞ்சு கொட்டுது" என்றார் உம்மா. வாப்பா சான்றிதழைச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டிவிட்டார்.

செய்முறைப் பரீட்சை நாள் வந்தது. தரையில் பொம்மை கிடந்தது. எங்கள் மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முழங்கையை நிமிர்த்தி, உடம்புப் பாரம் முழுக்க இறக்கி ஒரு அமுக்கு அமுக்கினேன்.

'டிக்'.

தலையணை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. சந்தேகத்தில் இன்னொரு தரம் அமுக்கினேன். மறுபடியும் 'டிக்'. பின்னால் நின்ற என் தோழி ஹஸ்னா, சாவுச் செய்தி கேட்டவள்போல் மெதுவாக "இன்னாலில்லாஹ்" என்றாள். கல்லூரியில் இருந்ததே அந்த ஒரு பொம்மைதான். பொம்மையின் சட்டையை இழுத்து மூடி, பொத்தானையும் போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"நெஞ்செலும்பு உடைஞ்சிட்டு மிஸ். முந்தியே வெடிச்சி இரிந்திரிக்கும்."

மிஸ் சிரிக்கவில்லை. "சரியான ஆழத்துக்கு அமத்தினாத்தான் அந்தச் சத்தம் வரும். மனுசன்ட எலும்பு உண்மையா உடைஞ்சாலும் நிப்பாட்டக்கூடா. எலும்பு பொருந்திரும். நீங்க பொத்தான் போட்ட நேரத்துல இவர் மௌத்து."

பொம்மையைப் பார்த்தேன். வெட்கத்தைவிடப் பயம்தான் கூடுதலாக வந்தது. என் பேட்ச் வார்டுக்குப் போக, நான் அக்கரைப்பற்றுக்குப் பஸ் ஏறினேன். முதல் கேள்வியிலேயே அந்த சேர் குரலைப் பிடித்துவிட்டார். "பேர் வைக்க வந்த தங்கச்சியா?"

பிறகு வார்டில் ஒரு நாள், உண்மையான மனிதர் ஒருவரின் நெஞ்செலும்பு என் உள்ளங்கைக்குக் கீழே முறிந்தது. நான் நிறுத்தவில்லை. அவர் சுகமாகி, விலா நோகுது என்று என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்று எனக்கிருந்த சந்தோசம் பெருநாளைக்கும் இருந்ததில்லை.

வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை; பொம்மையைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். என் நிக்காஹ் சபையில் கையெழுத்துப் போட மாப்பிள்ளை பேனையை அமத்தினார். 'டிக்'. வாப்பா அவர் பக்கம் சாய்ந்து, "ஒண்ணும் உடையல்ல மருமகன், நிப்பாட்டாதீங்க" என்றார். பெண்கள் பக்கத்தில் வெடித்த சிரிப்பைக் கேட்டு மாப்பிள்ளை மிரண்டே போனாராம். இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பொம்மை கதையைச் சொல்வது அவர்தான்.