கொஹெத காக்காவோடு மாப்பிள்ளை கேட்கப் போன கதை

பத்திரிகையில் எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓ.எல். வரை படித்தவன். கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பது என் வேலை. நாலு பேர் கூடினால் கதவோரம் நிற்கிற ஆள். இந்தப் பத்திரிகையின் பழைய பிரதிகளில் எத்தனையோ பேருக்கு ஆணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன். சுற்றுவதற்கு முன் வாசித்தும் இருக்கிறேன். அந்த உறவை நம்பித்தான் எழுதுகிறேன்.

உலகத்திலேயே கூப்பிடாத பயணங்கள் அதிகம் போனவர் எங்கள் தெருவின் கொஹெத காக்காதான். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. (காக்கா என்றால் எங்களுக்கு மூத்த சகோதரன், பறவை அல்ல.)

அவர் பொத்தானும் நூலும் விற்றார். கடை என்று சொன்னாலும் அது பிரதான வீதியோரத்தில் நின்ற ஒற்றை அலுமாரிதான். அதனால் கடையைப் பூட்ட அவருக்கு ஒரு நொடி போதும். வீதியால் போகிற எந்த வாகனத்தையும் கையைக் காட்டி நிறுத்துவார். "கொஹெத யன்னே?" என்று கேட்பார். சிங்களத்தில் "எங்கே போகிறாய்?" என்று அர்த்தம். சோதனைச் சாவடிகளில் ஆர்மிக்காரர்கள் கேட்டுக் கேட்டே எங்கள் பகுதி ஆட்களுக்கு முதலில் பாடமான சிங்களம் அதுதான். பொத்தான் வாங்க அம்பாறைக்குப் போய் வருவதற்குள் அவரிடம் அதைப் பத்துத் தரம் கேட்டுவிடுவார்களாம்.

"இருவது வருஷமா என்னக் கேட்டானுகள். இனி நான் கேக்கிறன். ஆராவது பதில் சொல்லுங்களன்" என்பார்.

யாராவது பதில் சொன்னால் போச்சு. "நானும் வாறன்" என்பார். அலுமாரி பூட்டப்படும், திறப்பு இடுப்புக்குப் போகும், அவர் ஏறிவிடுவார். ஏறாவூரில் முன்பின் தெரியாத ஒருவரின் மையத்து வீட்டுக்கு, அதாவது சாவீட்டுக்குப் போய், வீட்டுக்காரரை விட அதிகமாக அழுது, அவர்களே இவருக்கு ஆறுதல் சொல்லும்படி செய்திருக்கிறார். புதுமாப்பிள்ளையும் பெண்ணும் நுவரெலியா போன வேனில் ஏறி நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அந்த மாப்பிள்ளை இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. பெண் மட்டும், "அங்க இரிந்த பூவெல்லாத்துக்கும் பேர் கேட்டுச் சொன்னது காக்காதானே" என்பாள்.

போகிற இடமெல்லாம் கேள்விதான். இந்த ஆறு எங்கே பிறக்கிறது, அந்த மரத்துக்கு ஏன் அந்தப் பெயர், மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்கிறதா. தெரியாது என்ற பதிலை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. அது தெரிந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்பார்.

கடல் பொங்கிய அன்று காலையிலும் அப்படித்தான். சனம் கடற்கரையிலிருந்து வயல் பக்கம் ஓடியது. காக்கா அலுமாரியடியில் நின்று "கொஹெத யன்னே?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை. "அப்ப நானும் வாறன்" என்று கூடவே ஓடினார். வயல் வரம்பில் ஏறி நின்ற பிறகுதான், "ஏன் ஓடின?" என்று கேட்டாராம். பிறகு திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வீடும் அன்று போனது, வாப்பாவும் போனார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். நானும் மனைவி வீட்டில்தான் இருக்கிறேன். தங்கச்சிக்கென்று வாப்பா கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. உம்மாவும் தங்கச்சியும் வயலை நிரப்பிக் கட்டப்பட்ட வீட்டுத் திட்டத்தில், இரண்டு அறை வீடொன்றில் இருந்தார்கள். இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டு வீட்டாரும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான், மறுகா வரவில்லை. மூன்றாவதும் முறிந்தால் இனி இந்தக் கதையையே எடுக்கக் கூடாது என்று தங்கச்சி உம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

மூன்றாவது சம்பந்தம் பொத்துவிலில் இருந்தது. யுத்தம் முடிந்த வருஷத்து மாரி, ஹஜ் பெருநாள் நெருங்குகிற நேரம். மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒரு ஹாஜியாரின் மகன், வயல் செய்கிறவர். உம்மாவின் தம்பியான என் மாமா முன்னின்றார். "மருமகன், இது ஒருத்தருக்கும் தெரியப்படாது. அந்தப் பொத்தான்காரனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. சுபஹ் தொழுதுபோட்டு வெள்ளனக் கிளம்புவம்" என்றார்.

மாமாவும் நானும் வாடகை வேனில் வெள்ளனக் கிளம்பினோம். மழை ஊற்றியது. சந்தியில் குடையோடு ஒரு உருவம் கையை நீட்டியது. சாரதி பழக்கத்தில் வேனை நிறுத்திவிட்டான்.

"கொஹெத யன்னே?"

மாமா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் சொல்ல வராது. "சும்மா... பொத்துவில் பக்கம்" என்றேன்.

"நானும் வாறன்."

மாமா எனக்குக் காதுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு காக்காவைப் பார்த்து, "வாறதெண்டா வாங்க. ஆனா அங்க வந்து ஒரு வார்த்தையும் கதைக்கப்படாது" என்றார்.

"ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டன்" என்று காக்கா சத்தியம் செய்தார்.

அக்கரைப்பற்று தாண்டியதும் வீதியில் எங்களைத் தவிர ஆள் இல்லை. ஒரு பக்கம் களப்புத் தண்ணீர், மறுபக்கம் நிரம்பிய வயல். கோமாரிக்குப் பிறகு காடு. பல வருஷம் போக முடியாமல் கிடந்த வீதி அது. மழையில் நனைந்த பாலை மரங்கள் கறுத்துப் பளபளத்தன. காக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஒரு சாவடியில் இளம் ஆர்மிக்காரன் ஒருவன் சும்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எங்களை நிறுத்தக்கூட இல்லை. காக்காதான் வேனை நிறுத்தச் சொல்லித் தலையை வெளியே நீட்டினார். "கொஹெத யன்னே?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பையன் திகைத்து, பிறகு சிரித்துவிட்டான். "கெதர" என்றான். வீட்டுக்கு. பிறகு உடைந்த தமிழில், "லீவு கெடைக்க இல்ல" என்றான்.

"கெடைக்கும், கெடைக்கும்" என்றார் காக்கா. அவனுக்கு வெற்றிலை கொடுத்தார்.

இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு ஆனை வீதியோரம் நின்று கிளை முறித்துக்கொண்டிருந்தது. சாரதி எஞ்சினை நிறுத்தினான். மாமா ஓதத் தொடங்கினார். காக்கா கண்ணாடியை மெதுவாக இறக்கினார்.

"காக்கா, அல்லாவுக்காக அத ஏத்துங்க" என்றார் மாமா.

"பயப்படாதீங்க. லகுகல காட்டு ஆனை. சிங்களம் விளங்கும்." பிறகு ஆனையிடம் மரியாதையாகக் கேட்டார். ஆனை காதை அசைத்து எங்களைப் பார்த்தது. ஒரு உறுமல் விட்டுக் காட்டுக்குள் போனது.

"பாத்தீங்களா, பதில் சொல்லிப்போட்டுத்தான் போகுது" என்றார் காக்கா. "நமக்குத்தான் விளங்கல்ல."

பொத்துவிலில் இறங்கி, சாக்கைத் தலையில் போட்டுப் போன ஒருவரிடம், "மாட்டுப்பட்டி வச்சிரிக்கிற ஹாஜியார்ர வீடு எது?" என்று மாமா கேட்டார். அவர் காட்டினார். நாங்களும் போனோம். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் ஊர்களில் மரியாதை இல்லை. அதனால் ஹாஜியாரின் பெயரை மாமா யாரிடமும் கேட்டதே இல்லை.

ஹாஜியார் வாசலுக்கே வந்து வரவேற்றார். "உங்களத்தான் பாத்துட்டு இரிக்கன். முதல்ல சாப்பிடுங்க" என்றார். ரொட்டியும் மீன் கறியும் எருமைத் தயிரும் வந்தன. காக்கா சாப்பிட்டுவிட்டு வளவைப் பார்க்கப் பின்பக்கம் போனார். மாமாவுக்கு நிம்மதி.

கல்யாண விஷயத்தை யாரும் எடுத்தவுடன் சொல்வதில்லை. மாமாவும் சுற்றித்தான் வந்தார். "ஆள் எப்பிடி ஹாஜியார்?"

"அவனா? நல்ல சாது. எங்கட கையில வளந்தவன்."

"குறை ஒண்டும்..."

"என்ன கதை இது. கண் ரெண்டும் தெளிவு. நடையில நொண்டல் இல்ல. காதுலயும் ஒரு கிழிசல் இல்ல."

மாமா என்னைப் பார்த்தார். நான் தயிரைப் பார்த்தேன். "வேலை வெட்டி?" என்றார்.

"வயலுக்கு எறக்கினா மாட்டன் எண்டு நிக்கமாட்டான். கொஞ்சம் சாப்பாடுதான் கூட."

"அது பரவாயில்ல. எங்கட ராத்தா நல்லாப் பாத்துக்குவா." (ராத்தா என்றால் அக்கா. அவர் சொன்னது என் உம்மாவை.)

"எத்தின நாளைக்குப் பாக்கப் போறா? பெருநாள் தொழுகை முடிஞ்ச கையோட முடிச்சிரலாம்தானே."

இவ்வளவு கெதியாக முடியும் என்று மாமா எதிர்பார்க்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"பங்கு எத்தின பேர்? ஏழு பேரும் சேந்தாச்சா?" என்று கேட்டார் ஹாஜியார்.

பெருநாளுக்கு ஒரு மாட்டைக் குர்பானாக அறுத்துக் கொடுக்க ஏழு பேர் பங்கு சேரலாம். இது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை.

"ஏழு பேரா? ஹாஜியார், பொண்ணு ஒண்டுதான்" என்றார்.

அப்போது காக்கா பின்பக்கத்திலிருந்து வந்தார். "ஹாஜியார், கயித்தில கட்டிக் குளிப்பாட்டி வச்சிரிக்கிற நாம்பன் மாடு, அது கொஹெத யன்னே?" என்றார்.

"இவங்கட வீட்டுக்குத்தான்" என்றார் ஹாஜியார்.

மாமா அவரையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹாஜியாருக்கு விளங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் மாடு கயிற்றை இழுத்தது. அவர் காத்திருந்தது அக்கரைப்பற்றிலிருந்து வர வேண்டிய குர்பான்காரரை. நாங்கள் தேடியவர் கடற்கரைப் பக்கத்து ஹாஜியார். அவருக்கும் மாட்டுப்பட்டி இருந்தது.

சரியான வீட்டுக்குப் போகும்போது மாமாவுக்குக் கதைக்கவே விருப்பமில்லை. "வீட்டக் கேட்டா கல் வீடு எண்டு மட்டும் சொல்லுவம். அதுக்கு மேல வேணாம்" என்றார்.

அந்த வீட்டில் கடல் இரைச்சல் கூடத்துக்குள்ளேயே கேட்டது. ஹாஜியார் மெலிந்த, அமைதியான மனிதர். மாப்பிள்ளை மூலையில் தலை குனிந்து இருந்தார். இந்த ஹாஜியார் சுற்றி வளைக்கவில்லை.

"வீடு எப்பிடி?"

"கல் வீடு ஹாஜியார்."

"எத்தின அறை?"

மாமா தேநீரை எடுத்து மிக நீளமாகக் குடித்தார். தங்கச்சியின் கதை அந்தக் கோப்பையோடு முடிகிறது என்று எனக்கு விளங்கியது. அப்போதுதான் காக்கா மூலைப் பக்கம் திரும்பினார். அங்கே இருந்த மாப்பிள்ளையைத்தான் அதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"மகன், கொஹெத யன்னே? நீங்க எங்க போய் இரிக்க விருப்பம்?"

மாமா அவரை முறைத்தார். "கதைக்கமாட்டன் எண்டுதான் சொன்னன். கேக்கமாட்டன் எண்டு சொல்லல்லயே" என்றார் காக்கா.

மாப்பிள்ளை தகப்பனைப் பார்த்தார். பிறகு, "கடல் சத்தம் கேக்காத எடத்துக்கு" என்றார்.

"அவன் சும்மா சொல்றான்" என்றார் ஹாஜியார் அவசரமாக.

"சும்மா இல்ல வாப்பா. சொல்லிருவம். இந்த வீட்டில எனக்கு நித்திரை இல்ல. அஞ்சு வருஷமா வயல் வாடியிலதான் படுக்கிறன்."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் மறைத்த மாதிரி அவர்களும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

காக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப நம்மட வீடுதான். ரெண்டே ரெண்டு அறை. மழைக்கு ஒரு மூலை ஒழுகும். கக்கூஸ் கதவு சாத்தாது. ராவெல்லாம் தவளை கத்தும்." எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாமாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

"கடலுக்கு எவ்வளவு தூரம்?" என்று மாப்பிள்ளை கேட்டார். காக்காவுக்கு அது தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கம் பார்த்தார்.

"நடந்தா முக்கால் மணித்தியாலம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "காத்து அடிச்சாலும் கேக்காது. வாப்பா போன பிறகு உம்மாவும் அதுக்குத்தான் அங்க இரிக்கிறா."

அன்று முழுவதும் நான் அந்த வீட்டில் பேசியது அவ்வளவுதான். மாப்பிள்ளை தகப்பனைப் பார்த்தார். ஹாஜியார் எழுந்து உள்ளே போய், இன்னொரு தரம் தேநீர் போடச் சொன்னார்.

திரும்பி வரும்போது மாமா வேனின் முன் இருக்கையைக் காக்காவுக்குக் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டில் யார் எந்தப் பயணம் போனாலும், வேனைப் பொத்தான் அலுமாரிப் பக்கமாகத் திருப்பச் சொல்வது நான்தான். அவர் கேட்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்து வைத்துவிடுவேன்.

பொத்துவில் போன மறுநாள் மழை விட்டிருந்தது. ஹாஜியாரும் மகனும் வந்து வீட்டைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை முற்றத்தில் கடல் பக்கம் காது கொடுத்து நின்றுவிட்டு, உள்ளே போய்ச் சம்மதம் சொல்லிச் சாப்பிட்டார். காக்கா வரவில்லை. மஹாஓயாவுக்குப் போன ஒரு நெல் லொறியில் காலையிலேயே ஏறிவிட்டார் என்று சொன்னார்கள்.